உருளைக்கிழங்கு நம் இலைக்கு வந்த வழி

காய்கறி பிடிக்காத பெரியவர் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. சாம்பாரில் காய்த் துண்டுகளை ஒதுக்கி மேலாக ஊற்றச் சொல்வார். பொரியலை இலையின் ஓரத்திலேயே வைத்திருந்து கடைசியில் இலையோடு மூடிவிடுவார். கூட்டு என்றாலே முகம் சுளிப்பார். அவரிடமும் செல்லுபடியாகிற காய் ஒன்று உண்டு; அது உருளைக்கிழங்கு. என் தம்பி ஐம்பது வயது வரை அப்படித்தான் சாப்பிட்டான். நான் கல்லூரியில் மனையியல் கற்பித்தவள். உணவும் ஊட்டமும் என் பாடம். ஆனால் அவனுக்கு வழி கிடைத்தது என் பாடப் புத்தகத்தில் இல்லை. நம் அடுக்களைகளின் இருநூறு வருஷக் கதையில்தான். அவன் ஆசையாகச் சாப்பிட்ட அந்த ஒரே காயை எங்கள் பாட்டி கடைசிவரை ‘இங்கிலீஷ் காய்’ என்றே சொல்லி ஒதுக்கினாள். பாட்டி தொடாத காய் பேரனுக்கு உயிரானது எப்படி என்று பார்த்தால், காய் தொடாத பெரியவர்களை இன்று எப்படிச் சாப்பிட வைப்பது என்பதும் விளங்கும்.

பழைய இலை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளச் சுவடிகளைப் புரட்ட வேண்டாம். திவசச் சமையலைப் பார்த்தால் போதும். வாழைக்காய், அவரை, கொத்தவரை, புடலை, பாகல், சேனை, சேம்பு, மாங்காய், பிரண்டைத் துவையல். காரத்துக்கு மிளகு. தக்காளி, உருளை, கோஸ், கேரட், பீன்ஸ், மிளகாய் எதுவும் அன்றைக்குக் கிடையாது. பழைய பெருமாள் கோயில் மடப்பள்ளிகள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடுதான். கடல் கடந்து வந்தவற்றைப் பித்ருக்களுக்கும் பெருமாளுக்கும் படைப்பதில்லை என்று முன்னோர் வைத்த வழக்கம், நம் பழைய காய்களின் பட்டியலை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது.

அந்தப் பட்டியலுக்கு ஒரு கதையும் உண்டு. வசிஷ்டர் வீட்டுத் திவசத்துக்கு விசுவாமித்திரர் வந்தார். ஆயிரத்தெட்டுக் கறி வேண்டும் என்று கேட்டார். அருந்ததி பாகற்காயை நூறாகவும், பிரண்டையை முந்நூறாகவும், பலாவை அறுநூறாகவும் கணக்கு வைத்து, மற்ற எட்டுக் காய்களையும் சேர்த்துப் பரிமாறினாள். கசப்பும் நமைச்சலும் உள்ளவை முதல் இரண்டும். சாப்பிட மனசு வராத காய்க்கும் பெரிய மதிப்பு வைத்தது அந்தக் கதை.

இந்த இலைக்குள் இங்கிலீஷ் காய்கள் வரத் தொடங்கியதன் வேர் நீலகிரியில் இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் கல் வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பியக் காய்களையும் பழ மரங்களையும் பயிரிட்டுப் பார்த்தார். குளிர் மண்ணில் உருளையும் கோஸும் செழித்தன. 1840களில் அங்கிருந்த ஐரோப்பியர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, தங்களுக்குக் காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் நடத்தினார்கள். 1848இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து தோட்டக்கலைஞர் வில்லியம் மெக்ஐவர் வந்து சேர்ந்தார். இன்று மலர்க் கண்காட்சிக்கு நாம் கூட்டமாகப் போகிற உதகைத் தாவரவியல் பூங்காவின் தொடக்கம், வெள்ளைக்காரர் வீட்டுக் காய்க்காகப் போட்ட அந்தச் சந்தாவில் இருக்கிறது.

அதுவரை நீலகிரியில் சாமையும் ராகியும் விளைவித்த படகர்கள் உருளையைப் பணப்பயிராக எடுத்துக்கொண்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் மலை ரயில் வந்தபோது மூட்டைகள் கீழே இறங்குவது எளிதாயிற்று. பழனி மலையிலும் இதே கதை. கொடைக்கானலில் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வீர் லெவிஞ்ச் 1863இல் ஏரியை உண்டாக்கினார். பின்னாளில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துக் கேரட்டும் உருளையும் லாரி ஏறி வத்தலக்குண்டுக்கு வந்தன.

எங்கள் அப்பா வத்தலக்குண்டில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு எழுதினார். மண்டியில் இரண்டு பக்கம். ஒரு பக்கம் நாட்டுக் காய், இன்னொரு பக்கம் மலைக்காய் என்கிற இங்கிலீஷ் காய். ஏலம் முடிந்தபின் மிஞ்சியதைக் கடைக்காரர் கணக்குப்பிள்ளைக்குக் கொடுப்பார். அப்பா கொண்டுவந்த கோஸை அம்மா வேக வைத்தால் பாட்டி திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பாள்: “ஏண்டி, அந்த நாத்தக் காயை கொல்லைல வச்சு வேக விடேன்.” அம்மா கோஸை மூடி வைத்து வேக விடுவதை நிறுத்தினாள். நூல் நூலாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், இஞ்சி தாளித்துத் திறந்த வாணலியில் மளமளவென்று புரட்டி, ஊறின பயத்தம்பருப்பும் தேங்காயும் போட்டு இறக்கினாள். கோஸ் நெடுநேரம் வெந்தால்தான் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் உடைந்து நாற்றம் எழும். சட்டென்று வதக்கி இறக்கினால் எழாது. இந்த வேதியியலை நான் கல்லூரியில் படித்தேன். அம்மா பாட்டியின் மூக்கை வைத்துத் தெரிந்துகொண்டாள்.

இப்படித்தான் தமிழ்நாட்டு அடுக்களை முழுக்க நடந்தது. வெள்ளைக்காரர் வேக வைத்து உப்பும் வெண்ணெயும் போட்டுச் சாப்பிட்ட காயை நம் வீடுகள் அந்த உருவில் ஏற்கவில்லை. ஒவ்வொரு புதுக் காயும் ஒரு பழைய காயின் இடத்தில், அதே செய்முறையில் வந்து உட்கார்ந்தது. சேனையும் சேம்பும் வறுத்த வாணலியில் உருளை வறுபட்டது. வாழைப்பூவும் கீரையும் இருந்த பொரியலில் கோஸ் சேர்ந்தது. புடலையும் சுரையும் போட்ட கூட்டில் சௌசௌ வந்தது. முள்ளங்கி சாம்பாரில் நூல்கோல் இறங்கியது. கொத்தவரையின் பருப்பு உசிலி பீன்ஸுக்குக் கிடைத்தது.

அந்த உசிலியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் மிளகாய் வற்றலோடு ஊற வைத்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் ஆவியில் வேக வைக்க வேண்டும். ஆறினபின் கையால் உதிர்த்து, எண்ணெயைத் தாராளமாக விட்டுத் தாளித்து, பொலபொலவென்று ஆகும் வரை சிறு தீயில் பிரட்ட வேண்டும். பிறகுதான் பொடியாக நறுக்கி வேக வைத்த காய் சேரும். வாயில் முதலில் படுவது பருப்பின் மொறுமொறுப்பும் பெருங்காய வாசனையும். காய் அதற்குள் இருக்கும். கொத்தவரையின் லேசான கசப்பை அடக்கும் செய்முறை இது. பீன்ஸைச் சாப்பிட வைப்பது அதற்குச் சிரமமாகவே இல்லை.

வீட்டுக்கு வெளியேயும் வழி திறந்தது. உடுப்பி ஹோட்டல்களின் மசால் தோசை உருளையை ஊர் ஊராகப் பழக்கியது. வீட்டில் தொடாததை வெளியில் ருசி பார்த்தவர்கள் திரும்பி வந்து மனைவியிடம் கேட்டார்கள். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் புத்தகம் வெளிவந்தது. மாமியாரும் பாட்டியும் பக்கத்தில் இல்லாத புதுக் குடித்தனங்களில் அது மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்களில் ஒன்றானது. தக்காளிக்குத்தான் ரொம்ப நாள் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட இந்தியாவில் அதைப் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிட்டார்கள். புளி இருக்கும்போது இன்னொரு புளிப்பு எதற்கு என்று நம் ரசச்சட்டி காத்திருந்தது. இன்று தக்காளி விலை ஏறினால் அது தலைப்புச் செய்தி.

சில காய்கள் யாரும் தடுக்காமலே உள்ளே வந்துவிட்டன. திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஏழுகறிக் கூட்டில் இங்கிலீஷ் காய் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கண்டிப்பு. ஆனால் அதில் கட்டாயம் விழும் மஞ்சள் பரங்கியும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமானவை. மிளகாயும் அங்கிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்ததுதான். நாள்பட நாள்பட ‘நம் காய்’ என்கிற வட்டம் பெரிதாகியிருக்கிறது. நாக்கு மாறவே மாறாது என்று சொல்பவர்களுக்கு நம் சமையலறையே பதில்.

தெற்கே நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளிக் கிழங்கைப் பரப்பினார். விஷக் கிழங்கு என்று ஜனங்கள் பயந்தார்கள். பயத்துக்குக் காரணமும் உண்டு. மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. கிழங்கை வேக வைத்து அந்த நீரை வடித்துவிடும் முறையைச் சொல்லிக் கொடுத்து, அரண்மனைப் பந்தியில் தாமே அதைச் சாப்பிட்டுக் காட்டினார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அரிசி தட்டுப்பாடான காலங்களில் அந்தக் கிழங்கும் மீனும்தான் ஏழைகளின் பசியை ஆற்றின.

நீலகிரி இன்னொன்றையும் தந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பிற்பாடு எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதிச் சாப்பாடுகளைக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், காய்கறி சேர்ந்த சீக்கியர் ஆகாரத்தில் வளர்ந்த எலிகள் தேறின. சென்னை மாகாணத்து அரிசிச் சோற்றில் வளர்ந்தவை பின்தங்கின. அவருக்குப் பின் வந்த டபிள்யூ. ஆர். ஐக்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். குன்னூர் ஆய்வுக்கூடம் பிறகு ஹைதராபாத் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அந்த அட்டவணைகளின் வாரிசுகளை நான் பல வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அவை எனக்குக் கோயில் மாதிரி. ஆனாலும் அட்டவணையைப் பார்த்து நாக்கு மாறிய ஒருவரையும் நான் கண்டதில்லை. கோஸுக்கு இடம் கொடுத்தது அம்மாவின் தாளிப்பு. மரவள்ளிக்கு இடம் கொடுத்தது அரசரின் இலை.

தம்பிக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது டாக்டர் காய் சாப்பிடச் சொன்னார். “அக்கா, மாத்திரை எத்தனை வேணா போட்டுக்கறேன். அந்தப் பச்சையை மட்டும் வாயில வைக்கச் சொல்லாதே” என்றான். ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் உருளை சேராது. ஆகவே அவன் காய்க் கணக்கு அன்றைக்குச் சூன்யம்.

அவனோடு பேசிப் பார்த்ததில் காயில் அவனுக்கு ஆகாதது இரண்டு என்று தெரிந்தது: கொழகொழப்பும் கசப்பும். இது பிடிவாதம் இல்லை. சில கசப்புகளை உணரும் திறன் மனிதருக்கு மனிதர் பிறவியிலேயே வேறுபடும். அதனால் அவனுடைய மனைவியும் நானும் அடுக்களைகள் செய்ததையே செய்தோம். உருளை வறுவலில் பாதிக்கு வாழைக்காய் சேர்ந்தது. அதே வாணலி, அதே மிளகாய்ப்பொடி. பீன்ஸும் கொத்தவரையும் உசிலியாக மட்டும் வந்தன. முருங்கைக்கீரை அடையில் கிடந்தது, அவன் கண்ணெதிரே உருவிப் போட்டதுதான். ஒளித்து வைத்து ஏமாற்றவில்லை. ஒளித்தது தெரிந்தால் பெரியவர்கள் அடுத்த வேளை அடையையும் விட்டுவிடுவார்கள். வெண்டைக்காயை ஈரமில்லாமல் துடைத்து, மூடாமல், கொஞ்சம் தயிர் விட்டு வதக்கினால் கொழகொழப்பு போய்விடும். பாகற்காயைப் புளியும் வெல்லமும் வறுத்து அரைத்த தேங்காயும் சேர்த்துப் பிட்லையாக வைத்தோம். “பாகற்காய் வேண்டாம், பிட்லை மட்டும் ஊத்து” என்று தொடங்கியவன், இப்போது நாலு துண்டு தானாகப் போட்டுக்கொள்கிறான். புடலங்காயை இன்னும் தொடவில்லை. தொடாவிட்டாலும் போகட்டும், பாட்டியும் கடைசிவரை கோஸ் தொடாமலே எண்பத்தேழு வயது இருந்தாள். அவள் இலையில் வேறு பத்துக் காய் இருந்தது, அதுதான் முக்கியம்.

சிலருக்கு இது ருசி விஷயமாக நிற்பதில்லை. ஒன்றிரண்டு பண்டம் தவிர எதைக் கண்டாலும் குமட்டலும் பயமும் வந்து உடம்பு இளைத்துப் போகிறவர்கள் உண்டு. அது சிகிச்சை வேண்டிய நிலை. அவர்களை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். மற்றவர்களுக்கு அடுக்களையே போதும்.

உங்கள் வீட்டிலும் காய் ஒதுக்கும் அண்ணனோ, கணவரோ, மகளோ இருப்பார்கள். அவர்களுக்கு வைட்டமின் பாடம் நடத்தாதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் சண்டையும் வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே விரும்பும் செய்முறை எது என்று பாருங்கள். வறுவலா, உசிலியா, அடையா, புளிக்குழம்பா? அதைக் கொஞ்சமும் மாற்றாமல் உள்ளே இருக்கும் காயை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அதே காயை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடி பரிமாறுங்கள். மிளகாயும் தக்காளியும் உருளையும் இந்த மண்ணில் சோறோடு சேர்ந்தது இந்த வழியில்தான்.