தலைமுடியும் ஈரத்துணியும்

காற்றில் இருக்கும் ஈரத்தைத் தராசில் நிறுத்துவிடலாம் என்று நம்பினார் பதினைந்தாம் நூற்றாண்டுக் கர்தினால் நிக்கோலஸ் குசானஸ். ஒரு தட்டில் கம்பளி, மறுதட்டில் கற்கள். காற்றின் ஈரத்தைக் குடித்தால் கம்பளி கனத்துத் தாழும், காய்ந்தால் மேலே ஏறும். யோசனை அழகானதுதான். ஆனால் கம்பளிக்குக் கம்பளி கணக்கு மாறியது. நம்பகமான வேறொரு பொருள் தேவைப்பட்டது. அது மனிதரின் தலையிலேயே முளைத்துக்கொண்டிருந்தது.

ஜெனிவாவில் வாழ்ந்த ஒராஸ் பெனடிக்ட் தெ சொசூர், ஆல்ப்ஸ் மலைகளில் ஏறி இறங்கிய ஆராய்ச்சியாளர். ஈரத்தில் தலைமுடி நீள்வதும் காய்ந்தால் சுருங்குவதும் அவரை ஈர்த்தன. ஆனால் முடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு, ஈரத்தை உள்ளே விடாமல் தடுத்தது. முடியைச் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்துப் பிசுக்கைப் போக்கினார். முழு வறட்சிக்கும் முழு ஈரத்துக்கும் இடையே அது நீண்டதோ சுமார் 2.5 சதவீதம்தான். அந்தத் துளி அசைவை ஒரு முள்ளோடு இணைத்துப் பெரிதாக்கினார். 1783-ல் அவர் நூல் வெளியானதும் அதே ஊரைச் சேர்ந்த ழான் அந்த்ரே தெலுக் சண்டைக்கு வந்தார். முடி உதவாது, திமிங்கிலத்தின் வாய்த்தகடே சரி என்றார். முடியா, தகடா என்று வாதம் நீண்டபோது, இரண்டுமே வேண்டாத ஒரு வழி எடின்பரோவில் பிறந்துவிட்டிருந்தது.

அங்கே நிலவியல் மேதை ஜேம்ஸ் ஹட்டன், வெப்பமானியின் குமிழை நனைத்துக் காற்றில் நீட்டிப் பார்த்தார். நீர் ஆவியாகும்போது சூட்டைத் தன்னோடு எடுத்துச் செல்லும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான். காற்று வறண்டிருந்தால் பாதரசம் நிறைய இறங்கும். ஈரமாக இருந்தால் கொஞ்சம்தான். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஃபெர்டினாண்ட் ஆகஸ்ட் என்ற ஆசிரியர், 1825 வாக்கில் உலர்ந்த வெப்பமானி ஒன்றையும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றையும் அருகருகே நிறுத்தினார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காற்றின் ஈரத்தைச் சொன்னது. இந்தக் கதையில் என்னை அதிகம் வியக்கவைப்பது இந்த எளிமைதான். அதற்குச் சவாலான ஓர் ஊர், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

சிங்கப்பூரின் சைனாடவுனில் அப்போது குழாய்த் தண்ணீர் கிடையாது. ஆன் சியாங் குன்றுக் கிணற்றுத் தண்ணீர் மாட்டுவண்டியில் வந்தது. அதனால் மலாய் மொழியில் கிரேத்தா ஆயர், தண்ணீர் வண்டி, என்றே வட்டாரத்துக்குப் பெயர் நிலைத்தது. 1841 முதல் 1845 வரை இந்தத் தீவின் வானிலையைக் குறித்துவைத்தவர், மதராஸ் எஞ்சினியர்ஸ் படையின் சார்ல்ஸ் மார்கன் எலியட். அந்தக் குறிப்புகள் 1850-ல் அச்சானதும் மதராஸில்தான். சிங்கப்பூரில் விடியுமுன் 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம். மழையில்லாத பிற்பகலிலும் சுமார் 60 சதவீதம். மதுரைக் கோடையில் ஜில்லென்று இருக்கும் மண்பானைத் தண்ணீர் இங்கே அந்த அளவுக்குக் குளிராது. பானைக்கு நேர்வதுதான் வியர்க்கும் உடம்புக்கும் நேரும். அதை நிரூபிக்க ஒருவர் சுரங்கத்துக்குள் இறங்கினார்.

ஜே. எஸ். ஹால்டேன் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களை ஆராய்ந்தவர். 1905-ல் அவர் முடிவைச் சொன்னார்: உடம்பைச் சாய்ப்பது வெறும் காற்றுச் சூடு அல்ல, ஈரத்துணி காட்டும் சூடு. காற்று அசையாத இடத்தில் அது 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் உடல் சூடு ஏறும். சுரங்கத்தில் கிடைத்த இந்த உண்மை, வெட்டவெளிக்கு வர அரை நூற்றாண்டு ஆனது.

1950-களில் அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் முகாமில் பயிற்சி வீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்தார்கள். ஆய்வாளர்கள் யாக்லூவும் மினார்டும் அவர்களுக்காக ஒரு கணக்கு வகுத்தார்கள். வெயிலை அளக்கும் கறுப்பு உருண்டைக்கு 20 சதவீதம், உலர் வெப்பமானிக்கு 10 சதவீதம். மீதி 70 சதவீதமும் ஆகஸ்டின் அந்த ஈரத்துணிக்கு.

இன்று சைனாடவுனைச் சுற்றி எழும் கட்டடங்களில் நம்மூர்த் தொழிலாளர்கள் நிறைய. பெரிய கட்டுமானத் தளங்களில் முக்காலி மேல் கறுப்பு உருண்டையோடு ஒரு சிறு கருவி நிற்கும். அது காட்டும் அந்தக் கணக்கின் எண்ணை மணிக்கொரு முறை குறிக்கிறார்கள். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்த விதி இது: எண் 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33-ஐத் தொட்டால் 15 நிமிடம்.