அலமாரிக்கு வாடகை கேட்ட புத்தகக் கடை

2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியப் புத்தக உலகில் ஒரு கடிதம் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. எழுதியது ஆங்கஸ் அண்ட் ராபர்ட்சன் என்ற சங்கிலிக் கடை நிறுவனம். பெற்றவர்கள், அதற்குப் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்த சிறு பதிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும். கடிதத்தின் சாரம் இதுதான்: உங்கள் புத்தகங்களை விற்பதில் எங்களுக்குப் போதிய லாபம் வரவில்லை. நாங்கள் எதிர்பார்த்த லாபத்துக்கும் உண்மையில் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள்தான் கட்டவேண்டும். ஆகஸ்ட் 17-க்குள் கட்டாவிட்டால் உங்கள் சரக்கு எங்கள் கடைகளில் இருக்காது. கேட்ட தொகை, ஆளுக்கு ஏற்றபடி 2,500 டாலரிலிருந்து 20,000 டாலர் வரை.

கேட்டது யார் என்பதுதான் பலரை உறுத்தியது. 1886-ல் டேவிட் ஆங்கஸும் ஜார்ஜ் ராபர்ட்சனும் சிட்னியில் கூட்டுச் சேர்ந்து நடத்திய கடை அது. பாஞ்சோ பேட்டர்சனின் முதல் கவிதைத் தொகுப்பை 1895-ல் வெளியிட்டதும் அவர்களே. நம் சென்னைக்கு ஹிக்கின்பாதம்ஸ் எப்படியோ, இந்த நாட்டுக்கு அது அப்படி. பிற்காலத்தில் பதிப்பு ஒரு கைக்கும் கடைகள் வேறு கைக்கும் போயின. கடிதம் எழுதப்பட்டபோது கடைகள் பசிபிக் ஈக்விட்டி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் வசம் இருந்தன. பெயர் பழையது, கணக்குப் பார்த்தவர்கள் புதியவர்கள்.

கடிதம் போனவர்களில் டவர் புக்ஸ் என்ற விநியோக நிறுவனமும் உண்டு. அதன் தலைவர் மைக்கேல் ரகுசின் பணம் கட்ட மறுத்து, கிண்டலும் கோபமுமாக ஒரு பதில் எழுதினார். இரண்டு கடிதங்களும் சிட்னி மார்னிங் ஹெரால்டில் வெளிவந்ததும் விஷயம் வீதிக்கு வந்துவிட்டது.

இதில் சுவாரசியமான இடம் இனிமேல்தான். டவர் புக்ஸ் விநியோகித்த புத்தகங்களில் 'கார்பென்டேரியா' ஒன்று. வான்யி பழங்குடியைச் சேர்ந்த அலெக்சிஸ் ரைட் எழுதிய ஐநூறு பக்கத்துக்கும் மேற்பட்ட நாவல். பெரிய பதிப்பகங்கள் கைவிட்ட பிறகு, ஐவர் இண்டிக் நடத்தும் ஜிரமாண்டோ என்ற சிறு பதிப்பகம் 2006-ல் அதை வெளியிட்டது. 2007 ஜூனில் அந்த நாவலுக்கு மைல்ஸ் பிராங்க்ளின் விருது கிடைத்தது. ஆஸ்திரேலிய நாவல்களுக்கு அதைவிடப் பெரிய உள்நாட்டு விருது கிடையாது. விருது அறிவித்துச் சில வாரங்களில் அந்தக் கடிதம் வருகிறது. அதாவது, நாடு முழுவதும் கிளை வைத்திருந்த ஒரு புத்தகக் கடை, அந்த ஆண்டின் முதன்மையான நாவலை வைக்கமாட்டேன் என்று சொல்லும் நிலைக்குத் தன்னைத் தானே கொண்டுவந்துவிட்டது.

இது எப்படி நேர்ந்தது? மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இது ஒரு பழகிய தவறாகத் தெரிகிறது. ஓர் அட்டவணையை எந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர்கள் வரிசைப்படுத்தியது புத்தகங்களை அல்ல, சப்ளையர்களை. ஒவ்வொரு சப்ளையரும் ஈட்டித்தந்த நிகர லாபத்தைப் போட்டு, கீழே ஒரு கோடு கிழித்தார்கள். பெரிய பதிப்பகம் அனுப்பும் விற்காத புத்தகம் கோட்டுக்கு மேலே பத்திரமாக இருக்கும். சிறியவர் அனுப்பும் விருது நாவல் கோட்டுக்குக் கீழே போய்விடும். வாசகன் கடைக்கு வந்து கேட்பது புத்தகத்தின் பெயரைத்தான், சப்ளையரின் பெயரை அல்ல.

வித்தியாசத்தைக் கட்டு என்றால் எதிலிருந்து கட்டுவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சதவீதங்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் நடப்பிலிருந்து அதிகம் விலகாதவை. 30 டாலர் புத்தகம். இந்தியாவில் அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, இங்கே 2000 ஜூலை முதல் 10 சதவீதம் உண்டு. அது போக மிச்சம் 27.27. கடைக்குக் கழிவு 45 சதவீதம், அதாவது 12.27. விநியோகஸ்தருக்கு சுமார் 6 டாலர். ஆசிரியருக்குப் பத்து சதவீதம், 2.73. மீதி 6.27-ல்தான் அச்சு, தாள், அட்டைப்படம், பிழைதிருத்தம், வண்டிச்சத்தம் எல்லாம். கடைக்காரர் பன்னிரண்டு டாலர் போதவில்லை என்று கை நீட்டுவது இந்த ஆறு டாலர்காரரிடம்!

அதோடு 'விற்றால் பணம், இல்லாவிட்டால் புத்தகம் திரும்பும்' என்ற ஏற்பாடு வேறு. சங்கிலிக் கடை ஆயிரம் பிரதி எடுத்துக்கொண்டது என்றால் ஆசிரியர் வீட்டில் பாயசம் வைப்பார்கள். அது விற்பனை இல்லை, இடமாற்றம். ஆறு மாதம் கழித்து அறுநூறு பிரதி மூலை மடங்கி, ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பி வரும். பெரிய பதிப்பகத்துக்கு இது வியாபாரத்தில் ஒரு செலவு. வருடத்துக்கு நாலு புத்தகம் போடுகிறவருக்கு, அடுத்த புத்தகத்தின் அச்சுக்கூலி.

கடையே மூழ்கினால் பாடு இன்னும் மோசம். ஆங்கஸ் அண்ட் ராபர்ட்சனின் தாய் நிறுவனம் 2008-ல் ஆஸ்திரேலிய பார்டர்ஸ் கடைகளையும் வாங்கிக்கொண்டது. ரெட்குரூப் என்ற பெயரில் இயங்கிய அந்த நிறுவனம் 2011 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்துக்குப் போயிற்று. கையில் பரிசு அட்டை வைத்திருந்தவர்கள், அதே அளவு சொந்தப் பணத்தையும் செலவழித்தால்தான் அட்டை செல்லும் என்றார்கள். பதிப்பாளர்கள் கடன்காரர்களின் வரிசையில் கடைசியில் நின்றார்கள். ஆங்கஸ் அண்ட் ராபர்ட்சன் பெயரில் மிஞ்சிய இணையக் கடையை 2015-ல் புக்டோபியா வாங்கியது. 2024 ஜூலையில் புக்டோபியாவும் அதே வழியில் நிர்வாகிகள் கைக்குப் போய், பிறகு வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதற்கடுத்த மாதம், அதே அலெக்சிஸ் ரைட், அதே ஜிரமாண்டோ வெளியிட்ட 'பிரெய்ஸ்வர்தி' நாவலுக்காக இரண்டாம் முறை மைல்ஸ் பிராங்க்ளின் விருது பெற்றார்.

இந்தச் சண்டையில் இங்குள்ள தமிழ் எழுத்தாளருக்குப் பங்கே இல்லை. அவர் புத்தகம் சங்கிலிக் கடையின் வாசல்வரைகூடப் போவதில்லை. சிட்னியில் வாழ்ந்து 2014-ல் மறைந்த எஸ்.பொ. சென்னையில் மித்ர பதிப்பகத்தை நடத்தினார். தன் சுயசரிதையான 'வரலாற்றில் வாழ்த'லை இரண்டு பெரிய தொகுதிகளாக அதில்தான் கொண்டுவந்தார். எழுதுவது இங்கே, அச்சாவது கோடம்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ, படிப்பவர் டொரான்டோவில். நடுவில் கடை என்று ஒன்று கிடையாது. சென்னையிலும் நிலைமை ரொம்ப வேறு அல்ல. 1987-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, 2005-ல் டாடாவின் டிரெண்ட் வாங்கிய லேண்ட்மார்க் முதன்மையாக ஆங்கிலப் புத்தகக் கடை. தமிழ் சிறு பதிப்பாளர் நம்பியதெல்லாம் நூலக ஆணையையும் 1977-லிருந்து நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியையும்தான்.

நான் இருக்கும் கேரம் டவுன்ஸை மெல்பர்ன் தமிழர்கள் சிவா விஷ்ணு கோவிலை வைத்துத்தான் அறிவார்கள். இந்தப் பக்கத்தில் தமிழ்ப் புத்தகம் கைமாறுவது கோவில் வாகன நிறுத்தத்தில், யாரோ ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்ததாக இருக்கும். இல்லையென்றால் வெளியீட்டு விழாவில். வந்தவர்கள் கவரில் இருபதோ ஐம்பதோ போட்டு, மரியாதைக்கு ஒரு பிரதி வாங்கிப் போவார்கள். அன்று மாலை அறுபது பிரதி போகும். மறுநாள் ஒருவர் அந்தப் புத்தகத்தைத் தேடினால் கிடைக்க வழியில்லை. ஆங்கஸ் அண்ட் ராபர்ட்சன் ஜிரமாண்டோவுக்குச் செய்ய நினைத்ததை, நாம் யாரும் கடிதம் எழுதாமலே நமக்குச் செய்துகொள்கிறோம் என்று சில சமயம் தோன்றும்.

இதற்கு ஒரு சிறு மாற்று உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. ஆஸ்திரேலியாவில் புத்தகம் வெளியிடுபவர் ஒரு பிரதியைக் கான்பெராவில் உள்ள தேசிய நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். விக்டோரியாவில் வெளியிட்டால் மெல்பர்னில் உள்ள மாநில நூலகத்துக்கும் ஒன்று. மொழி எதுவானாலும் சரி, ஐம்பது பிரதி அச்சடித்தாலும் சரி. கொடுத்தால் புத்தகம் நூற்பட்டியலில் ஏறும், தேடுகிறவருக்கு அகப்படும். ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் அரசு முகமையிடம் இலவசம், இங்கே காசு கொடுத்து வாங்கவேண்டும். சென்னையில் அச்சடித்து மெல்பர்ன் முகவரி போட்டு வெளியிடுகிறவர்கள், எந்த ஊர் எண்ணைப் போடுவது என்பதை அச்சுக்குப் போகுமுன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. அட்டை அச்சான பிறகு ஸ்டிக்கர் ஒட்டித்தான் சமாளிக்கவேண்டியிருக்கும்.