சுகோய்: நடுக்கத்தில் பிறந்த பாராட்டு

டோக்கியோவில் 1861-இல் பிறந்த ஓவியர் கியோஹாரா தாமா, 1882-இல் சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்தார். டோக்கியோவில் சிற்பம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பிய வின்செஞ்சோ ரகூசாவைப் பின்னர் மணந்து, அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தார்.

தாமாவின் தாய்மொழியான ஜப்பானியத்தில் 'சுகோய்' என்றொரு சொல் உண்டு. ருசியான சாப்பாடு, அடைமழை, கெட்டிக்காரப் பிள்ளை, எல்லாமே இன்று சுகோய்தான். பழைய வடிவம் 'சுகோஷி'. ஆயிரம் ஆண்டுக்கு முன் முரசாகி ஷிகிபு எழுதிய 'கெஞ்சி கதை'யில் அது ஆளரவமற்ற இடத்தின் வெறுமையை, உடம்பைச் சிலிர்க்கவைக்கும் குளிர்ச்சியைச் சொல்கிறது. அதை எழுதும் சித்திர எழுத்தின் இடப்பக்கம் இரண்டு சிறு கீற்றுகள் இருக்கும். அவை பனிக்கட்டியின் குறி. நடுங்கவைத்தது மலைக்கவைத்தது; மலைப்பு பாராட்டானது.

நம் 'பயங்கரம்' நடந்ததும் இதே பாதைதான். அச்சம் தருவது என்ற வடசொல், 'பயங்கரமா நடிச்சிருக்கான்' என்னும்போது மெச்சுகிறது. இலக்கணத்தில்கூட ஒற்றுமை: 'சுகோகு' என்று வரவேண்டிய இடத்தில் ஜப்பானியர் பேச்சில் வெறும் 'சுகோய்' போடுகிறார்கள், நாம் 'ஆக'வை உதறிவிட்டுப் 'பயங்கர சூடு' என்கிறோம். இத்தாலியரும் அபாரமானதைத் 'தா பவூரா' என்பார்கள். பவூரா என்றால் பயம்.

ஆனால் சிசிலிக்காரர் வாயில் எந்நேரமும் புழங்குவது 'அஸ்ஸாய்'. 'போதுமான அளவுக்கு' என்ற லத்தீன் தொடர் தேய்ந்து 'மிக' என்றாகிவிட்டது. தெலுங்கில் 'சாலு' போதும், 'சாலா' நிறைய. நன்னூல் மிகுதிக்குத் தரும் ஆறு உரிச்சொற்களில் முதலாவதான 'சால'வும் அந்த வேரே. நம் பேச்சில் அது மறைந்துபோனது எனக்கு உண்மையான வருத்தம்.

இந்தப் போதும் என்ற வழியிலேயே வந்த இன்னொரு சொல் பலெர்மோவில் இன்றும் ஒலிக்கிறது.  அங்கே குடியேறிய ஈழத்தமிழர் மிகையானதற்குச் 'சரியான' என்பார்கள். சரியான வெயில், சரியான சனம். அளவுக்குப் பொருந்தியது என்ற சொல் அளவு மீறியதைச் சொல்கிறது. அவர்களில் இந்துக்களும் பலெர்மோவின் பெல்லெக்ரீனோ மலையேறிக் கத்தோலிக்கரின் புனித ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். கோயில் ஒரு குகை. பாறையில் கசியும் நீரைத் உலோகத் தகடுகள் ஏந்தி வழிவிடுகின்றன. வெயிலில் ஏறிவந்து உள்ளே நுழைந்ததும் உடல் சிலிர்க்கும். பழைய ஜப்பானியர் சுகோஷி என்றிருக்கக்கூடிய இடத்தில் யாழ்ப்பாணத்துத் தாய் பிள்ளையை அணைத்துக்கொண்டு சொல்வாள்: "சரியான குளிர்."