உறுப்பினர் கழகங்களும் உரிமைக்குழுக்களும்

உறுப்பினர் கழகம் என்பது அதன் உறுப்பினர்களுக்குக் கூட்டாக உரியதும், அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிருவாகக் குழுவால் நடத்தப்படுவதுமான விளையாட்டுக் கழகம் ஆகும். உரிமைக்குழு (பிரான்சைஸ்) என்பது, போட்டித் தொடரை நடத்தும் அமைப்பிடமிருந்து ஒரு தனியார் நிறுவனம் விலை கொடுத்துப் பெற்று நடத்தும் தொழில்முறை அணியாகும். அணியின் பெயரையும் ஊரையும் மாற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே இவ்விரண்டிற்கும் இடையிலான முதன்மையான வேறுபாடாகும்.

சட்ட வடிவம்

தமிழ்நாட்டில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஒரு கழகத்தைப் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டப்பட வேண்டும். சந்தா, நன்கொடை ஆகியவற்றால் வரும் பணத்தை உறுப்பினர்கள் இலாபமாகப் பங்கிட்டுக்கொள்ள இயலாது. நிறுவனங்களில் வாக்குரிமை, ஒருவர் வைத்துள்ள பங்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. உறுப்பினர் கழகங்களில் பொதுவாக ஒருவருக்கு ஒரு வாக்கு.

விருதுநகர் மாவட்டச் சூழல்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்கள் அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்தின் பெயரிலோ அங்குள்ள ஊர்களின் பெயரிலோ தமிழ்நாடு பிரீமியர் லீக் துடுப்பாட்டத் தொடரில் 2016 முதல் 2025 வரை எந்த அணியும் ஆடவில்லை. எனினும் 2016-இல் தொடங்கிய முதல் பருவத்தில் மாவட்டத்தைச் சூழ்ந்த பகுதிகளான மதுரை, தூத்துக்குடி, காரைக்குடி ஆகியவற்றின் பெயரில் மூன்று அணிகள் இடம்பெற்றன. தூத்துக்குடியின் பெயரைத் தாங்கிய டூட்டி பேட்ரியாட்ஸ் அணியே முதல் கோப்பையை வென்றது.

2021 பருவத்தில் தூத்துக்குடி அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் எனவும், காரைக்குடி காளை அணி திருப்பூர் தமிழன்ஸ் எனவும் மாறின. மதுரையின் பெயர் மட்டுமே நிலைத்தது. திருப்பூர் தமிழன்ஸ் 2025-இல் கோப்பையை வென்றபோது அவ்வணியின் பெயரில் காரைக்குடி இல்லை. ஓர் உறுப்பினர் கழகம் இவ்வாறு ஊர் மாற வேண்டுமாயின், அம்முடிவை அதன் உறுப்பினர்களே எடுக்க வேண்டும். உரிமைக்குழுவில் உரிமையாளரும் தொடர் நடத்துநரும் இசைந்தால் போதுமானது. ஊராருக்கோ இரசிகர்களுக்கோ இதில் வாக்கு இல்லை.

அமைப்பும் உரிமையாளரும்

உரிமைக்குழுக்களை விற்கும் அமைப்புகள் தாமே உறுப்பினர் அமைப்புகளாக இருப்பது இந்தியத் துடுப்பாட்டத்தின் சிறப்பியல்பு ஆகும். தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கமும், இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியமும் பதிவு பெற்ற சங்கங்களே. 2008-இல் சென்னை அணியின் உரிமையை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி அமெரிக்க டாலருக்குப் பெற்றது. அந்நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநரான என். சீனிவாசன் வாரிய நிருவாகியாகவும் இருந்தார். வாரிய நிருவாகிகள் அணிகளில் வணிக நலன் கொள்ள இடமளித்த விதியை உச்ச நீதிமன்றம் 2015 சனவரி 22 அன்று செல்லாததாக்கியது.

பிற இடங்களில்

எசுப்பானியாவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான தொழில்முறைக் காற்பந்துக் கழகங்களை நிறுவனங்களாக மாற்றியது. பார்சிலோனா, ரியல் மாட்ரிட், அத்லெட்டிக் பில்பாவோ, ஒசாசுனா ஆகிய நான்கு மட்டும் உறுப்பினர் கழகங்களாகத் தொடர்ந்தன. செருமனியில் 1998 முதல், தொழில்முறை அணியை நடத்தும் நிறுவனத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் தாய்க் கழகத்திடமே இருக்க வேண்டும் என்பது விதி. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு.

கொல்கத்தாவின் மோகன் பகான் 1889-இல் தொடங்கப்பட்ட கழகமாகும். 2020-இல் அதன் காற்பந்துப் பிரிவு நிறுவனத்தின் 80 விழுக்காட்டுப் பங்குகளை ஒரு தனியார் குழுமம் வாங்கியது. கழகத்திடம் 20 விழுக்காடு எஞ்சியது.

நிறைகளும் குறைகளும்

உரிமைக்குழு முறையில் முதலீடும் வீரர்களுக்கான ஊதியமும் விரைவாகக் கிடைக்கின்றன. சிறு நகரங்களின் வீரர்கள் தொலைக்காட்சி வழியே அறியப்படவும் இது வழிவகுக்கிறது. உறுப்பினர் கழகங்களுக்குப் பெரும்பாலும் நிதிப் பற்றாக்குறை உண்டு. மேலும், புதிய உறுப்பினர்களைச் சேர்க்காத கழகம் நாளடைவில் சிலரது பிடிக்குள் சென்றுவிடக்கூடும். எனவே உறுப்பினர் சேர்க்கை திறந்திருப்பதும் தேர்தல் முறையாக நடைபெறுவதும் இம்முறைக்கு இன்றியமையாதவை.

இவற்றையும் பார்க்கவும்

தமிழ்நாடு பிரீமியர் லீக்
சென்னை சூப்பர் கிங்ஸ்
கூட்டுறவுச் சங்கம்