பரிசோதகரின் வர்ணக் குறிகள்

மோட்டார்த் தொழிலின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் முதலாளிகளின் சாமர்த்தியத்தையும், எஞ்சின்களின் சக்தியையும், ஆண்டுதோறும் வெளிவந்த வண்டிகளின் தொகையையும் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்களேயன்றி, அவ்வண்டிகளின் அடியில் நின்று ஒவ்வொரு முடுக்கையும் சரிபார்த்து அனுப்பிய சாமானியத் தொழிலாளி விட்டுச்சென்ற சுவடு ஏதேனும் உண்டா என்று தேடியவர் மிகச் சிலரே. அத்தகைய சுவடு உண்டு. 1960-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு, பிற்காலத்தில் எவரும் கழற்றிப் பூட்டாத வண்டியொன்றை உயர்த்தி நிறுத்தி, அதன் அடிப்பாகத்தில் பல்லாண்டுகளாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றியெடுத்தால், ஸ்டியரிங் கம்பிகளின் நட்டுகளிலும், பின் அச்சின் மீதும், ஸ்பிரிங்குகளின் மீதும் மஞ்சளும் வெள்ளையும் நீலமும் பச்சையுமாகத் திட்டுகளும் பட்டைகளும் ஒவ்வொன்றாக வெளிப்படும். அவை அலங்காரத்துக்காக இடப்பட்டவையல்ல. வண்டியை வாங்குபவர் கண்ணில் படவேண்டும் என்ற எண்ணங்கூட அவற்றை இட்டவர்களுக்கு இருந்ததில்லை.

உற்பத்தியின் வேகமும் வண்டிகளின் வகைப்பெருக்கமுமே இவற்றுக்குக் காரணமாயின. போர்டு கம்பெனியார் 1964 ஏப்ரல் 17-ஆம் தேதி வெளியிட்ட மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். முதல் ஓராண்டிலேயே 4 லட்சத்துக்கும் அதிகமாக விற்பனையான அவ்வண்டி, ஆறு சிலிண்டர் எஞ்சினுடனும் எட்டு சிலிண்டர் எஞ்சினுடனும், கையால் மாற்றும் கியருடனும் தானாக மாறும் கியருடனும், குளிர்சாதனம் பொருத்தியும் பொருத்தாமலும், வாங்குவோர் விரும்பியபடியெல்லாம் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. எஞ்சினின் பாரம் மாறினால் முன் ஸ்பிரிங்கின் வலிமையும் மாறவேண்டும். வலிமையில் வேறுபட்ட இரண்டு ஸ்பிரிங்குகளோ பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நகர்ந்துகொண்டேயிருக்கும் வண்டியின் அருகில் நிற்பவனுக்கு பாகத்தின் எண்ணைத் தேடிப் படிக்க அவகாசம் ஏது? சுருளின் மீது தீட்டப்பட்ட வர்ணப் பட்டைகள் எண்ணின் வேலையைச் செய்தன.

ஆயினும் எல்லாக் குறிகளும் ஒரே பொருளைச் சொல்வன என்று கொள்வது பிழை. கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாப்டை நோக்கினால் இது விளங்கும். அக்குழாயைச் சுற்றி வளையமாக ஓடும் பட்டைகள், அது எவ்வகை வண்டிக்கு உரியது என்பதை அறிவிப்பவை. அதன் பின்முனையில் சில வண்டிகளில் காணப்படும் சிறு திட்டோ வேறு செய்தியைத் தாங்கி நிற்பது. எத்துணை நுட்பமாகச் செய்தாலும் ஒரு குழாய் முற்றிலும் நேராக அமைவதில்லை. சுழலும்போது அதன் ஓரிடம் மயிரிழையளவு விலகியே ஓடும். அவ்விடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு குறியும், அதனோடு இணையும் பின் அச்சின் விளிம்பில் எதிர்த்திசைக் குறைபாடுள்ள இடத்தில் மற்றொரு குறியும் இட்டு, இரண்டையும் நேர்நேராகச் சேர்த்து முடுக்கினால், ஒன்றின் குறையை மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்து அதிர்வைத் தணித்துவிடும். இதை அறியாமல் குறிகளைத் தேய்த்து அழித்துவிட்டு மனம்போனபடி மாட்டியவர்கள், வேகமாக ஓட்டும்போது வண்டி நடுங்குவதன் காரணம் புரியாமல் புதிய பாகங்களை வாங்கி மாற்றிக்கொண்டிருப்பது உண்டு.

இவையனைத்தினும் என் மனத்தைக் கவர்வது ஸ்டியரிங் இணைப்பின் நட்டின் மீதுள்ள குறியே. அந்த நட்டு கழன்றால் உயிருக்கே அபாயம். ஆதலால் ஒருவன் முடுக்கியதை வேறொருவன் சோதித்து, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் மாட்டியிருப்பதையும் கண்டு, தூரிகையால் ஒரு தொடு தொட்டு அனுப்பினான். சில இடங்களில் நட்டையும் அது அமர்ந்த பாகத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு இழுப்பதும் உண்டு. பின்னொரு நாள் நட்டு சிறிது திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். அவசரத்தில் இட்டவையாதலால் இக்குறிகளில் வர்ணம் வழிந்திருக்கும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். மஸ்டாங் வண்டிகள் டியர்பார்ன், ஸான் ஹோஸே, மெட்டச்சன் ஆகிய மூன்று ஊர்களில் செய்யப்பட்டன. ஆலைக்கு ஆலை வழக்கம் வேறுபட்டிருக்க, எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் ஒரே அட்டவணையை எதிர்பார்ப்பது வீண்.

பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் ஒரு காலத்தில் இக்குறிகளை அழுக்கென்றே கருதி, அடிப்பாகம் முழுவதையும் சுரண்டிப் பளபளக்கும் கருப்பு வர்ணம் அடித்துவிட்டார்கள். 1974-இல் அமெரிக்காவில் தோன்றிய தேசிய கார்வெட் மறுசீரமைப்பாளர் சங்கம் போன்ற ஸ்தாபனங்கள், தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலையே அளவுகோல் என்று வற்புறுத்திய பின்னர் மனோபாவம் மாறியது. ஆனால் அதனோடு புதியதொரு தீங்கும் புகுந்தது. விலைக்குக் கிடைக்கும் ஸ்டென்ஸில் தகடுகளைக் கொண்டு, நட்டு முடுக்கப்பட்டதா என்று பாராமலே, சித்திரம் வரைவதுபோல் திருத்தமாகக் குறிகளை இட்டுவிடுகிறார்கள். குறி என்பது ஒருவன் பார்த்தான் என்பதற்குச் சாட்சி. பாராதவன் இடும் குறி, அது எவ்வளவு அழகாயிருப்பினும், பொய்ச் சாட்சியே என்பது என் திடமான அபிப்பிராயம். புதிய குறி இடத்தான் வேண்டுமென்றால், உரிய ஸ்பானரால் உரிய அளவுக்கு முடுக்கிச் சோதித்த கை, அந்தக் கணத்திலேயே இடட்டும்.

எஞ்சியிருக்கும் பழைய குறிகளைப் பொறுத்தவரை, எண்ணெய்க் கசிவும், மண் படிவும், துருவைத் தடுக்க அடித்த தார்ப்பூச்சுமே அவற்றை இதுகாறும் காத்துவந்திருக்கின்றன. கடுமையான கரைப்பானும் நீராவிப் பீச்சலும் ஒரு நாழிகையில் அனைத்தையும் அழித்துவிடும். ஆகவே, கைபடாத வண்டி ஒருவர் வசம் வந்தால், முதன்முறை கழுவுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் புகைப்படம் எடுத்து, எந்த ஆலை, எந்த மாதம், எந்த நிறம், எந்த இடம் என்று குறித்துவைத்து, அதே ஆலையின் வேறு வண்டிகளோடு ஒப்பிடுவதே முறை.