எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்: களைப்புக்கு சாட்சி தேடிய கதை

1/ போன மாதம் நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். வயது நாற்பதுக்குள். கையில் தடிமனான ஒரு ஃபைல். ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், பி12, ஈசிஜி, எக்கோ எல்லாம் அதில் இருந்தது. எல்லாமே நார்மல். 2021-ல் கொரோனா வந்து போனதிலிருந்து விடாத களைப்பு. (அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/ "ஒரு நாள் வீட்டைக் கூட்டித் துடைச்சா அடுத்த ரெண்டு நாள் எந்திரிக்க முடியல டாக்டர். நோட்டு திருத்த உட்கார்ந்தா படிச்ச வரியவே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வீட்ல கேட்டா வேலைக்கு உடம்பு வணங்கலன்னு சொல்றாங்க." கிளம்பும்போது ஒன்று கேட்டார்: "ஒரே ஒரு ரிப்போர்ட்லயாவது ஏதாவது தப்பா வந்திருக்கக் கூடாதா? அப்பவாவது நம்புவாங்கல்ல?"

3/ ரிப்போர்ட் நல்லபடியா வரணும்னு வேண்டிக்கிறவங்களைத்தான் தினமும் பார்க்கிறேன். தப்பா வரணும்னு ஒருத்தர் ஏங்குறார்னா, அந்த இடத்துக்கு அவரைத் தள்ளினதில் எங்க மருத்துவத்துக்கும் பங்கு உண்டு. அந்த வரலாறுதான் இன்றைய த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

4/ நெய்வேலிக்குப் பொருத்தமா ஒரு சுரங்கத்திலிருந்தே ஆரம்பிப்போம். 1870-களில் சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் காட்ஹார்ட் ரயில் சுரங்கம் போட்டார்கள். தொழிலாளர்கள் வெளுத்துப் போய், மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் விழுந்தார்கள். 1880-ல் இத்தாலியின் டூரின் நகரில் பெரோன்சிட்டோ என்ற மருத்துவ விஞ்ஞானி அவர்களின் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். காரணம் தெரிந்தது: குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு.

5/ 1902-ல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் அதே பிரச்சினையைக் காட்டினார். பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் "சோம்பேறித்தனக் கிருமி". 1916-ல் ராக்ஃபெல்லர் அமைப்பு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அங்கே சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி நம் ஊர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்கள்.

6/ இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மைக்ராஸ்கோப்புக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் அந்த மனிதர்களின் உடம்பு ஒன்றேதான். முட்டை கண்ணில் பட்டதும் 'சோம்பேறி' என்ற பட்டம் 'நோயாளி' என்று மாறியது. இப்படிப் பார்த்துக் காட்டக்கூடிய அடையாளத்தைத்தான் நாங்கள் மார்க்கர் என்கிறோம். சரி, புழுவும் இல்லை, ரத்தசோகையும் இல்லை. அந்தக் களைப்புக்கு எது மார்க்கர்?

7/ முதலில் மாட்டியது லாக்டிக் அமிலம். 1907-ல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளையின் தசை களைக்கக் களைக்க அதில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். தசை சுருங்குவதே இந்த அமிலத்தால்தான் என்ற கொள்கை வலுத்தது. தசை ஆய்வுக்காக ஹில், மேயர்ஹோஃப் இருவருக்கும் 1922-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் ஜிம்மில் "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு ப்ரோ" என்று சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம்.

8/ இந்த இடத்தில் நம்ம சென்னை உள்ளே வருகிறது. எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் கவுன் போட்டுக்கொண்டு போனதில் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்பிபிஎஸ் இல்லாமல் எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தார். ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் சில நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அதே நோய் அவரையும் உருக்கிப் போட்டிருந்தது.

9/ 1922-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1925-ல் பாஸ்பரஸை அளக்க ஒரு முறையைக் கண்டுபிடித்தார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று மெடிக்கல் மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். அதை வைத்துத் தசையைத் துழாவினார்கள். 1927-ல் பாஸ்போகிரியாட்டின் கிடைத்தது. 1929-ல் ஏடிபி. அதே ஆண்டு ஜெர்மனியில் லோமானும் தனியாக ஏடிபியைப் பிரித்தெடுத்தார்.

10/ 1930-ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உருவாகாதபடி தடுத்த பிறகும் தசை சுருங்குகிறது என்று காட்டினார். அப்போது செலவானது சுப்பாராவ் கண்ட பாஸ்போகிரியாட்டின். தசை சுருங்க லாக்டிக் அமிலம் வேண்டும் என்ற கொள்கை அதோடு சரிந்தது. சம்பவ இடத்தில் நின்றதால் மாட்டிக்கொண்ட ஆள் அது. களைப்பு ஆய்வின் முதல் பாடம் இது: ஒரு பொருள் பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே அது காரணம் ஆகிவிடாது.

11/ ஏடிபி என்றால் என்ன? நெய்வேலிக்காரர்களுக்குச் சுலபமா சொல்லலாம். மைன்ஸில் பழுப்பு நிலக்கரியை வெட்டுறாங்க. கன்வேயர் பெல்ட்டில் தெர்மலுக்குப் போகுது. பாய்லரில் எரிஞ்சு, நீராவி டர்பைனைச் சுத்தி, கரன்ட் வருது. உடம்பில் சாப்பாடுதான் நிலக்கரி. செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் தெர்மல். ஏடிபிதான் கரன்ட். பாஸ்போகிரியாட்டின், சில நொடிகளுக்குத் தாங்கும் வீட்டு இன்வர்ட்டர்.

12/ இப்போ வீட்டில் விளக்கு மங்கலா எரியுதுன்னு வைங்க. கோளாறு எங்கே? மைன்ஸிலா, பெல்ட்டிலா, பாய்லரிலா, லைனிலா? சாதாரண ரத்தப் பரிசோதனை யார்டில் நிலக்கரி குவிஞ்சிருக்கான்னு மட்டும் பார்த்து "நார்மல்" என்று எழுதிடும். கரன்ட் வருதான்னு அது பார்க்காது.

13/ 1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் டாக்டர்களும் நர்ஸ்களும் வரிசையாகப் படுத்தார்கள். நவம்பருக்குள் ஊழியர்களில் 292 பேர். காய்ச்சல், தசைவலி, பிறகு மாதக்கணக்கில் தீராத பலவீனம். அடுத்த ஆண்டே லான்செட் இதழ் இதற்கு மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ் என்ற பெயரை முன்வைத்தது. சுருக்கமாக எம்இ.

14/ 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் ஷீட்டுகளைப் படித்துவிட்டு இது "கூட்டு ஹிஸ்டீரியா" என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்ட ஒருவரையும் அவர்கள் நேரில் பரிசோதிக்கவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, நோயாளிகளில் பெண்கள் அதிகம் என்பது! 1988-ல் அமெரிக்காவில் 'க்ரோனிக் ஃபெட்டீக் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரும் உதவவில்லை. "எனக்கும்தான் டயர்டா இருக்கு" என்று எல்லோரும் சொல்லும்படி ஆகிவிட்டது.

15/ இந்த ஹிஸ்டீரியா வாதத்துக்கு நல்ல பதில் 2006-ல் ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரிலிருந்து வந்தது. மூன்று வேறு வேறு தொற்றுகள் வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்தும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் களைப்பு தீரவில்லை. அதை முன்கூட்டிச் சொன்னது முதல் காய்ச்சலின் கடுமை. மனநிலை அல்ல. அந்த மூன்றில் ஒன்றான ராஸ் ரிவர் வைரஸ், 2006-ல் தமிழ்நாட்டை முடக்கிய சிக்குன்குனியாவின் உறவுக்கார வைரஸ்.

16/ சரி, மார்க்கர் தேடலுக்கு வருவோம். 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் ராடாவின் குழு, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு களைப்பு தீராத ஒரு நோயாளியின் தசையை காந்த அலைக் கருவியில் வைத்துப் பார்த்தது. ஊசி இல்லாமல், உயிருள்ள தசைக்குள் ஏடிபியையும் பாஸ்போகிரியாட்டினையும் நேரடியாக அளக்கும் கருவி. வேலை கொடுத்ததும் தசை வழக்கத்தைவிடச் சீக்கிரம் அமிலமானது. 1948-ல் இறந்துபோன சுப்பாராவ் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! ஆனால் அது ஒரே ஒரு நோயாளி. பின்னால் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை.

17/ 2009-ல் பெரிய பரபரப்பு. 101 நோயாளிகளில் 68 பேரின் ரத்தத்தில் எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ் இருப்பதாக சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. நோயாளிகள் கொண்டாடினார்கள். காசு கொடுத்து டெஸ்ட் எடுத்தார்கள். சிலர் எச்ஐவி மாத்திரைகூட விழுங்கினார்கள். கடைசியில் அது ஆய்வகத்தில் கலந்த அசுத்தம் என்று தெரிந்து, 2011 டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நம்பிக்கை கொடுத்துப் பறிப்பது எவ்வளவு கொடுமை என்று யோசிச்சுப் பாருங்க.

18/ 2016-ல் தேடல் மறுபடி தெர்மலுக்கே திரும்பியது. அமெரிக்காவில் நாவியோ குழு 45 நோயாளிகளின் ரத்தத்தில் 612 வேதிப்பொருட்களை அளந்தது. மாறியிருந்தவற்றில் 80 சதவீதம் குறைவாக இருந்தன. ஆபத்துக் காலத்தில் உடம்பு லோடைக் குறைத்துக்கொண்டு ஓடுவது போன்ற நிலை என்று அவர்கள் விளக்கினார்கள். அதே ஆண்டு நார்வேயில் ஃப்ளூகே, மெல்லா குழு 200 நோயாளிகளின் ரத்தத்தில் அமினோ அமிலங்களைப் பார்த்தது. சர்க்கரையை மைட்டோகாண்ட்ரியாவின் எரிசக்திச் சுழற்சிக்குள் விடும் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்சைமில் தடை இருக்கலாம் என்ற தடயம், குறிப்பாகப் பெண்களிடம், கிடைத்தது. நம்ம கணக்கில், பெல்ட் பாய்லருக்குள் நுழையும் வாசல்.

19/ 2019-ல் ஸ்டான்ஃபோர்டின் ரான் டேவிஸ், தன் மகனே இந்த நோயில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா, ஒரு சின்ன மின் கருவி செய்தார். ரத்த செல்களுக்கு உப்பால் சுமை கொடுத்து, அவை எப்படித் தாங்குகின்றன என்று அளந்தார். 20 நோயாளிகள், 20 ஆரோக்கியமானவர்கள். இரண்டு குழுவும் தெளிவாகப் பிரிந்தன. இதன் சிறப்பு என்னன்னா, செல் சும்மா இருக்கும்போது பார்க்காமல், வேலை கொடுத்துப் பார்த்தார்கள். டீச்சரின் பிரச்சினையும் அதுதானே? உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ரத்தம் நார்மல். வீடு கூட்டின மறுநாள்தான் உடம்பு விழுகிறது.

20/ "அப்புறம் ஏன் டாக்டர் நம்ம லேபில் இந்த டெஸ்ட் இல்லை?" நியாயமான கேள்வி. ஒன்று, ஆய்வுகள் சிறியவை. இரண்டு, ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டால் போதாது. மாதக்கணக்கில் படுத்திருக்கும் வேறு நோயாளியிடமும் இதே மாற்றம் வரலாம், அதிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். மூன்று, ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கலாம். ஆகவே யாராவது "உங்க களைப்புக்கு ஸ்பெஷல் மைட்டோகாண்ட்ரியா பேக்கேஜ்" என்று விற்றால் பர்ஸை மூடுங்க. நோயை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை இன்னும் கிடையாது.

21/ இன்னொன்றும் நேர்மையா சொல்லணும். களைப்பு எல்லாமே இந்த நோய் இல்லை. கோவாவில் 2,494 பெண்களிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், 12.1 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்கு மேல் களைப்பு. ஹீமோகுளோபின் அளவோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது கடனோடு, பசியோடு, மனச்சோர்வோடு, கணவனின் வன்முறையோடு. சில மார்க்கர்கள் ரத்தத்தில் இருக்காது. கேட்டால்தான் தெரியும். ரத்தசோகை, தைராய்டு, காசநோய், தூக்கக் குறைபாடு, ஷிப்ட் வேலை, இதையெல்லாம் பார்த்துத் தீர்த்த பிறகுதான் அடுத்த கட்டம்.

22/ அந்த அடுத்த கட்டத்துக்கு மார்க்கர் தேவையில்லை. 2015-ல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் கொடுத்த அளவுகோல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல், முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவு களைப்பு. உழைப்புக்குப் பிறகு, சில நேரம் மறுநாள், நிலைமை மோசமாவது. தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு. இவற்றோடு நினைவுக் குழப்பம் அல்லது நின்றால் கூடும் தொல்லை, இரண்டில் ஒன்று. கேட்கத் தெரிந்த மருத்துவருக்கு இது போதும்.

23/ பெயர் தெரிவதால் என்ன லாபம்? தப்பான வைத்தியத்திலிருந்து தப்பிக்கலாம். "தினம் கொஞ்சம் கொஞ்சமா நடையைக் கூட்டுங்க, சரியாகிடும்" என்பது பல வருடம் வழக்கமான அறிவுரை. நானும் சொல்லியிருக்கிறேன். கேட்டு நடந்தவர்களில் பலர் மேலும் படுத்தார்கள். 2021-ல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு இந்த நோய்க்கு அந்த முறையைப் பரிந்துரையிலிருந்து நீக்கியது. இன்று சொல்வது, இருக்கிற சக்திக்குள் வேலையைப் பிரித்து, விழுவதற்கு முன்பே ஓய்வெடுப்பது. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. தூக்கம், வலி, தலைசுற்றல் இவற்றுக்கு உதவலாம்.

24/ டீச்சருக்கு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. நோயின் பெயரைச் சீட்டில் எழுதினேன். வகுப்பில் உட்கார்ந்து பாடம் எடுக்க ஒரு கடிதம் கொடுத்தேன். அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொன்னேன். வந்தார். பெல்ட், பாய்லர் கணக்கில் இதே கதையைச் சொன்னேன். தெர்மலில் வேலை பார்ப்பவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். "யூனிட் ஃபுல் லோட் எடுக்கலன்னா நாங்க யூனிட்டைத் திட்ட மாட்டோம் டாக்டர், எங்க ஃபால்ட்னு தேடுவோம்" என்றார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

25/ மார்க்கர் ஒருநாள் கிடைக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். கொக்கிப்புழுவுக்குக் கிடைத்த மாதிரி. அன்றைக்கு எல்லோரும் நம்புவார்கள், அது பெரிய விஷயம் இல்லை. உங்க வீட்டில் இப்படி ஒருத்தர் படுத்திருந்தால், அந்த ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காதீங்க. இன்னைக்கே நம்புங்க.