திருவண்ணாமலை: மலைக் காடாக்கமும் மாணவர் தொண்டும்

திருவண்ணாமலை மலையில் மீண்டும் காடு வளர்க்கும் பணி 1980களின் இறுதியில் வேகம் பெற்றது. மலையின் தென்புற அடிவாரத்தில், செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமப் பகுதியில் வாழ்ந்தவர்கள் இதில் முன்னின்றனர். பின்னர் பள்ளி மாணவர்களும் இப்பணியில் சேர்ந்தனர். மாணவர் தொண்டு ஒரு நாள் நிகழ்ச்சியாக முடிந்துவிடாமல் ஆண்டு முழுவதுக்குமான பொறுப்பாக மாறுவது எப்படி என்பதை அறிய இவ்வரலாறு உதவுகிறது.

மலையின் நிலை

இம்மலை ஏறத்தாழ 800 மீட்டர் உயரம் கொண்டது. அதைச் சுற்றிவரும் கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். அண்ணாமலையார் கோயிலின் தலமரம் மகிழம். ஆயினும் விறகு வெட்டு, கால்நடை மேய்ச்சல், கோடைத் தீ ஆகியவற்றால் 20ஆம் நூற்றாண்டில் மலையின் பெரும்பகுதி பாறையும் புல்லுமாகவே காணப்பட்டது.

அக்காலத்திலும் மரம் வளர்க்கும் முயற்சி இல்லாமல் இல்லை. ரமணர் 1916 முதல் 1922 வரை தங்கியிருந்த கந்தாசிரமம் மலையின் கீழ்ச்சரிவில் உள்ளது. கந்தசாமி என்னும் அடியவர் பாறைச் சரிவைத் திருத்தி, அங்கே ஆசிரமத்தையும் தோட்டத்தையும் உருவாக்கினார். அவர் பெயராலேயே அந்த இடம் அழைக்கப்படுகிறது. நீரும் இடைவிடாத உழைப்பும் இருந்தால் இம்மலையில் மரம் வளரும் என்பதற்கு அது சான்றாக இருந்தது.

காடாக்கச் சங்கம்

ரமணாசிரமப் பகுதியில் வசித்த ஆஸ்திரேலியத் துறவி ஒருவர் 1987இல் ஆஸ்திரேலியாவிலுள்ள மழைக்காடுகள் தகவல் மையத்துக்குக் கடிதம் எழுதினார். மலையை மீண்டும் பசுமையாக்க உதவ வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அம்மையத்தைச் சேர்ந்த ஜான் சீட் இதற்கு ஆதரவு திரட்டினார். 1988இல் அண்ணாமலைக் காடாக்கச் சங்கம் தோன்றியது. பெரிய கோயிலின் மதில்களுக்கு இடைப்பட்ட வெற்றிடம் நாற்றங்காலாக மாறியது. விதை சேகரிப்பு, நாற்று வளர்ப்பு, மண் அரிப்புத் தடுப்பு ஆகியவற்றில் உள்ளூர் மக்கள் பயிற்சி பெற்றனர்.

அரசுத் திட்டங்கள்

கல்வி நிறுவனங்கள் வழியான தொண்டுக்கு இந்தியாவில் முன்பே ஓர் அமைப்பு இருந்தது. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. கல்லூரித் தொண்டர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரம் பணியாற்ற வேண்டும் என்பதும், சிறப்பு முகாம் ஒன்றில் பங்கேற்க வேண்டும் என்பதும் இதன் நடைமுறை. பின்னர் இது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2001இல் தொடங்கிய தேசிய பசுமைப்படை, பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களை உருவாக்கியது.

இத்திட்டங்கள் இலட்சக்கணக்கான மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே கொண்டுவந்தன. ஆனால் முகாம் முடிந்ததும் மாணவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை பதிவேட்டில் ஏறும். அடுத்த கோடையில் அவற்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்வி பல இடங்களில் விடையின்றி நின்றது.

மருதம் பண்ணைப் பள்ளி

திருவண்ணாமலையில் இக்கேள்விக்கு ஒரு விடை உருவானது. மலையில் காடாக்கத்தைத் தொடர்ந்து செய்துவந்த ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை, 2009இல் கணந்தம்பூண்டி கிராமத்தில் மருதம் பண்ணைப் பள்ளியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளும் வெளியூர்களிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கு ஒன்றாகப் படிக்கின்றனர். மழைக்காலத்தில் மாணவர்கள் மலைக்குச் சென்று கன்று நடுகின்றனர். அதே அறக்கட்டளையின் நாற்றங்காலும் மலைப்பணியும் ஆண்டு முழுவதும் நடப்பதால், மாணவர்களின் ஒரு நாள் உழைப்பு அந்த நாளோடு நின்றுவிடுவதில்லை.

பணியின் சுழற்சி

காடாக்கத்தில் நடவு ஒரு கட்டம் மட்டுமே. முதலில் உள்ளூர் மரங்களின் விதைகளை உரிய பருவத்தில் சேகரிக்க வேண்டும். நாற்றங்காலில் வளர்ந்த கன்றுகளை, மழை பெய்து மண் நனைந்தபின் மலைக்குச் சுமந்து செல்ல வேண்டும். மழை ஓய்ந்ததும் புல் காய்ந்துவிடும். சிறு பொறி பட்டாலும் சரிவு முழுவதும் தீ பரவும். எனவே கோடைக்கு முன்பே புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். பல ஆண்டு வளர்ந்த கன்றுகளை ஒரே தீ அழித்துவிடக்கூடும். ஆகவே நடுபவரைவிடக் காப்பவரின் வேலையே கடினமானது. ஆபத்து மிகுந்த தீயணைப்பைப் பயிற்சி பெற்ற பெரியவர்களே செய்ய வேண்டும். விதை சேகரிப்பு, நாற்று வளர்ப்பு, நடவு ஆகியவற்றில் மாணவர்கள் முழுமையாகப் பங்கேற்கலாம்.

மலையும் ஊரும்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலையொட்டிய கனமழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீடுகள் புதைந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அப்படிப்பட்ட பெருமழையின்போது மரங்கள் மட்டுமே சரிவைத் தடுத்துவிடும் என்று கூற இயலாது. ஆயினும் மலையில் நடப்பது அடிவாரத்து வீடுகளில், பெரும்பாலும் எளியோர் வீடுகளில், எதிரொலிக்கும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

அந்த வகையில் இங்கு மரம் நடும் மாணவர் தம் அண்டை வீட்டாருக்கான பணியையே செய்கிறார். பிற ஊர்ப் பள்ளிகள் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது எளிமையானது: எத்தனை கன்றுகள் நட்டோம் என்பதோடு, மூன்று கோடைகளுக்குப் பின் எத்தனை உயிரோடு உள்ளன என்பதையும் பதிவேட்டில் எழுதி வைப்பது.